பன்னிரண்டாவது காணிக்கை

1937-ஆம் வருடம் அக்டோபர் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். தூறல். காற்று இல்லை. மேகமலை இடுப்புக்கு மேலே தெரியவில்லை. எங்கள் கோயில் கூரையில் ஏழு இடத்தில் ஒழுகியது. ஏழு இடத்திலும் பாத்திரம் வைத்திருந்தோம். ஆறு மண் சட்டி, ஒரு தகர வாளி. வாளியில் விழுந்த சொட்டுத்தான் அதிகச் சத்தம் போட்டது.

நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாசக மேடைமேல் என் கைக்கடியாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் அறிவிப்புகளை வாசிப்பேன். அன்று வாசித்ததில் ஒரு வரியை வாசித்திருக்கக் கூடாது. அந்த வரி வாயைவிட்டு வெளியே போனபோது முள் எங்கே நின்றது என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

சின்னமனூருக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்த சிறிய ஊர் அது. எங்கள் சபையில் இருபத்து மூன்று வீடுகள். மிஷன் பள்ளிக்கு நான் ஒரே வாத்தியார். சபைக்குச் செயலாளரும் நானே. எங்கள் குருவானவர் தேனியில் குடியிருந்தார். அவரை ஐயர் என்றுதான் எல்லாரும் அழைப்போம். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துவது என் வேலை. பதினேழாம் தேதி ஐயர் வராத ஞாயிறு. வந்திருந்தால் காகிதத்தை முன்னதாகப் பார்த்திருப்பார். ஒரு கோடு போட்டு அடித்திருப்பார்.

அறிவிப்பு எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அடுத்த ஒரு மாதத்துக்கு நடக்கப்போகிற எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடுவேன். வியாழன்தோறும் வீட்டு ஜெபம், யார் வீட்டில் என்பதோடு. சனிக்கிழமை திடப்படுத்தல் வகுப்பு. ஜனவரியில் அத்தியட்சர், அதாவது பிஷப், வந்து திடப்படுத்துவதற்குள் வேதத்தின் பத்துக் கட்டளைகளான கற்பனைகள் பத்தையும் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டியவர்கள் எட்டுப் பேர். பெண்கள் சங்கம் கைப்பிடி அரிசி சேகரிக்கும் நாள். சந்தையில் நின்று பிரசங்கிக்கும் ஊழியத்துக்குப் போகிறவர்கள் முறை. கடைசியில், நவம்பர் பதினான்காம் தேதி ஸ்தோத்திரப் பண்டிகை.

பண்டிகை என்றால் முதல் போகம் அறுத்து முடித்தபின் அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அந்த வருடம் ஏலப் பணம் கூரைக்கு. வரப்போகிற காணிக்கைகளை நான் முன்கூட்டியே பட்டியல் எழுதி வாசிப்பது வழக்கம். பூசணி, வாழைத்தார், இரண்டு சேவல், ஒரு மூட்டை நெல், தேங்காய், ஒரு பாய், ஒரு ஆட்டுக்குட்டி என்று பதினொன்று சேர்ந்திருந்தது.

நான் தாளில் பன்னிரண்டு வரி கோடு போட்டுவிட்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை அந்தக் காலி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல்லில் நார் சிக்கியதுபோல இருந்தது. பிறகு, ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதை எழுதி வைக்கும் பொருத்தனைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஏப்ரல் மாதத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மயிலைக் காளை ஒன்று.' அதைக் கண்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வரியில் அதை எழுதினேன்.

அந்தக் காளையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏப்ரலில் கோமாரி வந்தது. மூன்று வாரத்தில் ஊரில் பத்தொன்பது மாடுகள் செத்தன. எங்கள் சபையில் ஒரு குத்தகைக்காரர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. அவரிடம் ஒரு ஜோடி உழவு மாடு. வலப்பக்கம் சிவப்பு நிறச் செவலை, இடப்பக்கம் சாம்பல் நிற மயிலை. இரண்டும் வாயில் புண்ணோடு படுத்துவிட்டன. வியாழன் வீட்டு ஜெபத்தை அவருடைய தொழுவத்திலேயே நடத்தினோம். அவர் சாணித் தரையில் முழங்கால் போட்டு, மயிலையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார்: "ரெண்டும் எந்திரிக்கட்டும் ஆண்டவரே. ரெண்டும் எந்திரிச்சா இது ஒங்களுக்கு." ஒன்பதாம் நாள் இரண்டும் எழுந்து நின்றன.

பொருத்தனையை எழுதி வைப்பது என் வேலை. ஆனால் எங்கள் சபையில் எழுதி வைப்பது வேறு, வாசிப்பது வேறு. பொருத்தனை செய்தவர் ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை தாமாக வந்து, "நாளைக்கு வாசிச்சிருங்க" என்று சொல்ல வேண்டும். சிலர் ஒரு வருடத்தில் வருவார்கள். ஒரு வெண்கலப் பானை ஒன்பது வருடமாகப் புத்தகத்திலேயே இருந்தது. யாரும் வாயைத் திறந்ததில்லை. வாசிக்கும்வரை அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவே இருக்கிற பேச்சு. வாசித்துவிட்டால் கோயிலுடையது. பீடத்துக்கு முன்னால் வாசித்ததைத் திரும்ப எடுத்ததாக ஒரு தடவைகூட நடக்கவில்லை.

இது எனக்குத் தெரியாதா? இருபத்து மூன்று வீட்டிலும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

எட்டுப் பத்துக்குப் பன்னிரண்டாவது வரியை வாசித்தேன். ஆண்கள் பக்கத்தில் குத்தகைக்காரர் தலையைத் தூக்கினார், பிறகு குனிந்துகொண்டார். வாளியில் சொட்டு விழுந்தது.

ஆராதனை முடிந்து நான் கடியாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி நேரே வாசக மேடைக்கே வந்துவிட்டார். எனக்கு அக்கா வயது.

"வாத்தியாரய்யா, ஒரு சேதி. நான் வீட்டுல இல்லாதப்ப எங்க வீட்டுக்காரரு வந்து வாசிக்கச் சொன்னாகளா?"

"இல்லக்கா."

"வேற யாரும் வந்து சொன்னாகளா?"

"இல்ல."

"அப்ப ஆண்டவரே வந்து கேட்டாரோ?"

நான் கடியாரத்தின் வாரை மறுபடியும் இழுத்துக் கட்டினேன்.

"அவரு கேக்கல. கேட்டிருந்தா சித்திரையிலயே கேட்டிருப்பாரு. நீங்க கேட்டீக. பூசணிக்காயும் சேவலும் பத்தாதுன்னு நீங்கதான் கேட்டீக."

அவருடைய கணவர் பின்னால் வந்து நின்றார். "ஏய், விடு. வாசிச்சாச்சு. பொய்யவா வாசிச்சாக? நான் சொன்னதத்தான வாசிச்சாக."

"சொன்னீக. குடுக்க மாட்டோம்னா சொல்றேன்? பங்குனியில குடுத்திருப்போம். ரெண்டாம் போகம் நட்டு, அறுத்து, வேற ஒரு காளக் கண்ண வாங்கி எடப்பக்கம் பூட்டிப் பழக்கிட்டு, சந்தோசமாக் குடுத்திருப்போம். இப்பக் குடுத்தா என்னாகும்னு வாத்தியாருக்குத் தெரியுமான்னு கேளுங்க."

எனக்குத் தெரியவில்லை. அக்காவே சொன்னார். அவர்கள் உழுத ஒன்றரைக் குழி, எங்கள் பக்கக் கணக்கில் ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலமும் சின்னமனூர் நிலக்காரருடையது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் அவருடைய காரியஸ்தர் வந்து தொழுவத்தில் மாட்டை எண்ணுவார். ஜோடி மாடு இருக்கிறவனுக்குத்தான் குத்தகை. ஒற்றை மாட்டுக்காரனுக்குக் கிடையாது. காரியஸ்தர் வருகிற நாள் நவம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. பண்டிகைக்கு மறுநாள்.

"ஞாயித்துக்கெழமை மாடு போகும். திங்கக்கெழமை நெலம் போகும்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். குடை இல்லாமல் தூறலிலேயே நடந்தார்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளையும் எண்ணினேன். எண்ணியதால் ஒன்றும் குறையவில்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூரைக்கு நல்ல பணம் சேரட்டும் என்று அடுத்த நாளே ஏல விளம்பரம் ஆறு படி எழுதி, கஞ்சி தடவி, சின்னமனூரில் ஆறு இடத்தில் ஒட்டும்படி ஏற்பாடு செய்திருந்தேன். ஒட்டியும் ஆயிற்று. அக்கா பேசிய பேச்சு காதில் இருந்தும் அந்த ஆறு தாள்களைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணிக்கைக்காரன் என்று பெயர்தான்.

அந்த வாரச் சனிக்கிழமை பஸ் ஏறித் தேனிக்குப் போய் ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் பேசினார்.

"அவர் பொருத்தனை பண்ணினது நிஜமா?"

"நிஜம் ஐயா."

"அப்படியானா நான் எதை ரத்து செய்யுறது? உம்முடைய அவசரத்தையா? அதை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை."

"அறிவிப்பில் பிழை என்று அடுத்த ஞாயிறு வாசித்துவிடட்டுமா?"

"பிழை எது? காளை பிழையா, மயிலை பிழையா? நீர் அப்படி வாசித்தால் அந்த மனுஷன் எழுந்து நின்று, 'பிழை இல்லை, நான் சொன்னேன்' என்பார். அவரை எனக்குத் தெரியும்." பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏலத்தில் நம் வழக்கம் என்ன?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எங்கள் ஏலத்தில், கொண்டுவந்தவரே தம் பொருளை முதல் கேள்வி கேட்டால், அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஏதோ ஓர் இக்கட்டு என்று புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். கோயிலுக்குப் பணம் போய்விடும், பொருள் வீட்டுக்குத் திரும்பிவிடும், பொருத்தனையும் தீர்ந்துவிடும். முன்பு ஒரு தையல் எந்திரம் அப்படித்தான் வீடு திரும்பியது.

"அவரால் எவ்வளவு திரட்ட முடியும் என்று கேளும்" என்றார் ஐயர்.

அவரால் இருபத்திரண்டு ரூபாய் திரட்ட முடிந்தது, இரண்டு வெள்ளாட்டை விற்று. பதினைந்து ரூபாய்க்குக் கேட்பது என்று பேசி வைத்தோம். அக்கா என்னிடம் பேசவில்லை. கேட்டதற்குச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

நான் இருபத்து மூன்று வீடும் ஏறி இறங்கினேன். அவர்கள் வீட்டைக் கழித்தால் இருபத்திரண்டு. எல்லாரும் சம்மதித்தார்கள். ஏலத்தில் எப்போதும் வம்புக்குக் கேட்கிற ஒரு கலியாணமாகாத தச்சர் இருந்தார். அவரிடம் மட்டும் இரண்டு தடவை போனேன்.

"ஏன் வாத்தியாரே இப்படி அலையுறீக? மாட்ட வாங்கி நான் எங்கன கட்ட? என்னையே கட்டுறதுக்கு ஆளக் காணோம்" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு வருகிறபோது, ஒரு பையனின் சிலேட்டில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தைக் கண்டேன். சின்னமனூரில் ஒட்டிய ஆறு தாள்கள் நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். வழக்கம் எங்கள் இருபத்து மூன்று வீட்டுக்குத் தெரியும். சின்னமனூருக்குத் தெரியுமா? விளம்பரத்தில் ஏழாவது வரியாக நானே எழுதியிருந்தேன்: 'எந்த ஊராரும் எந்த மதத்தாரும் ஏலம் கேட்கலாம்.'

மூன்று மைலையும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சந்தை வாசலில் ஒன்று, கிழித்தேன். அரிசி ஆலைச் சுவரில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று, வெற்றிலைக் கடைத் தட்டியில் ஒன்று, வண்டிப்பேட்டை வேம்பில் மழையில் கரைந்துபோய் ஒன்று. ஐந்து. ஆறாவது மாட்டுச் சந்தைப் புளியமரத்தில் இருக்க வேண்டும். மரத்தில் கஞ்சித் தடம் நான்கு மூலையிலும் இருந்தது. தாள் இல்லை.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்த ஊதா மசிக் காயிதமா? போன வாரமே ஒருத்தரு எடுத்துட்டுப் போயிட்டாரே."

"கிழிச்சா?"

"கிழிக்கல. தண்ணி வாங்கி நனச்சு, மூலை மூலையா உரிச்சு, மடிச்சு வச்சுக்கிட்டாரு. எழுத்து அழகா இருக்குன்னு சொன்னாரு" என்றார் அவர், எனக்கு அது மகிழ்ச்சி தரும் என்று நினைத்து.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும், ஐயருக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். வரமாட்டார்கள், மழை, தூரம், யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராமல் இருப்பதற்குப் பதினான்கு காரணம் கண்டுபிடித்தேன். வருவதற்கு ஒரே காரணம்தான் இருந்தது.

பண்டிகை அன்று வெயில் அடித்தது. கோயிலில் நூற்றுப் பத்துப் பேர். வாழைத்தாரும் பூசணியும் பீடத்துக்கு முன்னால். காளையை வாசலில் வேலியில் கட்டியிருந்தார்கள். கொம்புக்குப் பூச்சுற்றி, குளிப்பாட்டி. பிரசங்கத்தின்போது அது இரண்டு தடவை கத்தியது. தொழுவத்தில் ஒற்றையாக நின்ற செவலை கால் மைல் தூரத்திலிருந்து பதில் கொடுத்தது. எல்லாருக்கும் கேட்டது.

பதினொரு மணிக்கு ஏலம். வாசலில் மேசை போட்டு நான் எழுத உட்கார்ந்தேன். ஐயர் நாற்காலியில். ஏலம் கூறுவது கோயில்பிள்ளை; மணி அடிப்பது, பாய் விரிப்பது அவர் வேலை, தொண்டை மணியைவிடப் பெரிது.

"இந்தா சேவலு! விடியுறதுக்கு முன்னால கூவும், சோம்பேறி வீட்டுக்கு ஆகாது! நாலணா... நாலணாதானா? எலே, அது காலே நாலணா பெறுமே!"

பூசணி, பாய், தேங்காய். தச்சர் ஒரு பூசணியை ஒன்றேகால் ரூபாய்க்கு ஏற்றிவிட்டு, தாமே மாட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேலிக்கு அப்பால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவதாக ஆட்டுக்குட்டி போனது. சாலையில் யாரும் இல்லை.

"பன்னெண்டு! மயிலக் காள!"

குத்தகைக்காரர் முன்னால் வந்தார். "பதினஞ்சு ரூவா" என்றார். நூற்றுப் பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதி எனக்கு இன்றும் இனிக்கிறது. கோயில்பிள்ளை வேகமாகவே கூறினார்.

"பதினஞ்சு ஒரு தரம்! பதினஞ்சு ரெண்டு தரம்!"

"இருபது."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவர் வாய்க்கால் கரை வழியாக வந்திருக்கிறார். தோளில் சிவப்புத் துண்டு, இடுப்பில் மூன்று நான்கு புதுக் கயிறு. பழனிசெட்டிபட்டி மாட்டுத் தரகர் என்று பிறகு தெரிந்தது.

ஐயர் எழுந்தார். "ஐயா, கொடுத்தவரே கேட்டால் மேலே கேட்பது இங்கே வழக்கமில்லை."

தரகர் மரியாதையாகத் துண்டை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். ஊதா மசி. "அது ஒங்க வழக்கம் சாமி. எனக்குக் காயிதந்தான் வழக்கம். இந்தா, ஏழாவது வரி. யாரு எழுதுனதோ, முத்து முத்தா எழுதியிருக்காக."

ஐயர் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு" என்றார் குத்தகைக்காரர். அதோடு அவர் மடி காலி. எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"இருபத்தஞ்சு" என்றார் தரகர்.

கோயில்பிள்ளை ஒரு தரம் சொன்னார். இருமினார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் குடித்து முடித்தும் மேலே ஒரு கேள்வி வரவில்லை. அக்கா மாட்டைப் பார்க்கவில்லை, தரகரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. என்ன செய்கிறான் பார்ப்போம் என்பதுபோல இருந்தது.

என் தகரப் பெட்டியில் ஐம்பத்து நான்கு ரூபாய் ஆறு அணா இருந்தது. மூன்று வருடச் சேமிப்பு. ஜனவரியில் மதுரைக்குப் போய் உயர்தர ஆசிரியர் பயிற்சியில் சேருவதற்காக வைத்திருந்தது.

"இருபத்தாறு" என்றேன்.

தரகர் திரும்பிப் பார்த்தார். "எழுதுற கையும் கேக்குமா?"

அவர் சொன்னது சரி. நான் பேனாவைக் கீழே வைத்து, நோட்டை ஐயர் மடியில் கொடுத்துவிட்டு, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்றேன். "இப்போது நான் எழுதவில்லை" என்றேன்.

"முப்பது."

"முப்பத்தொன்று."

"அப்பிடியா சங்கதி. முப்பத்தஞ்சு."

"முப்பத்தாறு."

தரகர் பக்கத்தில் வந்து துண்டை விரித்தார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். "ஊருக்கே எதுக்குக் கேக்கணும்? இங்கன வாங்க, துண்டுக்குள்ள பேசிக்கிருவோம். ஒதுங்கிக்கிட்டீகன்னா ஒங்களுக்கும் அஞ்சு ரூவா" என்று மெதுவாகச் சொன்னார்.

"முப்பத்தாறு" என்று மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். யாரோ பின்னால், "ஒரே வெலைய ரெண்டு தடவ கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். தச்சராக இருக்கும்.

நாற்பது, நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் பெட்டியில் மீதி எவ்வளவு என்று மனம் தானாகக் கழித்துக்கொண்டிருந்தது. எட்டு ரூபாய் ஆறணா. ஐம்பது என்றார் அவர். ஐம்பத்தொன்று என்றேன். மூன்று ரூபாய் ஆறணா. அவர் காளையிடம் போய் ஒரு காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார். தரகர்கள் முகத்தைப் பார்த்தே மடியில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். நான் ஐயரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்பத்து மூணு."

"ஐம்பத்து நான்கு" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. கோயில்பிள்ளை எனக்காக அதை உரக்கச் சொன்னார்.

அதற்கு மேல் அவர் ஒரு ரூபாய் சொன்னால் போதும். ஆறணாவை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்பது? வேலிக்கு வெளியே யாரோ இருமியது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அதுதான்.

"குளம்புல கோமாரித் தழும்பு கெடக்கு" என்றார் தரகர் கடைசியில். "சந்தையில அம்பத்தஞ்சுக்கு மேல போகாது. அம்பத்தஞ்சுல எனக்கு நடைக்கூலிகூட மிஞ்சாது. வாத்தியாருக்கு மாடு வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போகட்டும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்று தரமும் ஒரே மூச்சில் கூறப்பட்டது.

குத்தகைக்காரர் வந்து காளையின் பழைய கயிற்றை அவிழ்த்தார். விற்றவர் கயிறு விற்றவருக்கே. வாங்கினவர் புதுக் கயிறு போட வேண்டும். அது எங்கள் பக்கத்து மாட்டு வழக்கம். காளை கயிறில்லாமல் நின்றது. எனக்குக் கயிறு ஏது? தரகர் தம் இடுப்பிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். "மூணணா. காயிதம் அழகா எழுதுனதுக்காக நாலணாக் கயித்த மூணணாவுக்குத் தாரேன்."

நான் கயிற்றைக் குத்தகைக்காரரிடம் கொடுத்தேன். "ஓட்டிட்டுப் போங்கண்ணே. என்னால வந்தது."

அவர் கையை நீட்டவில்லை. "ஆண்டவருக்குக் குடுத்தத நான் எப்பிடித் திரும்ப ஓட்டிட்டுப் போறது? வெல குடுத்து வாங்கியிருந்தா சரி. சும்மா வாங்குனா குடுத்ததே பொய்யாகிரும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. காளையோடு நடுவாசலில் நின்றேன். எனக்கு மாட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுகூடத் தெரியாது. அப்போது நான்கு வாரம் கழித்து அக்கா என்னிடம் நேராகப் பேசினார்.

"வாத்தியாரய்யா, ஒங்க மாட்ட எங்கன கட்டப் போறீக? பள்ளிக்கூடத்துலயா?"

"தெரியலக்கா."

"எங்க தொழுவத்துல ஒரு எடம் காலியாத்தான் கெடக்கு. கட்டிக்கங்க. மாடு ஒங்க மாடு. தீனி நாங்க போடுறோம். ஒழவுக்கு நாங்க பூட்டுவோம். கூலியும் தீனியும் சரிக்குச் சரி. யாரும் யாருக்கும் சும்மா குடுக்கல." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "இதுல பொய்யி எங்கன இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் யோசித்தார். ஒரு பொய்யும் அகப்படவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டார். செவலை தூரத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. மயிலை அவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆனாலும் அன்று இரவு நிம்மதி இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய் நின்றேன். காரியஸ்தர் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைக் குடை. மாட்டைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்.

"ஜோடி இருக்குல்ல. சரி" என்று நோட்டை எடுத்தார்.

குத்தகைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "ஒன்னுதாங்க என்னது. அது வாத்தியாரு மாடு" என்றார். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

காரியஸ்தர் நோட்டை மூடினார். "வாத்தியாருக்கு எதுக்கு மாடு? பாடம் சொல்லிக் குடுக்கவா? நாளைக்கி நடவுல பாதியில அவரு ஓட்டிட்டுப் போயிட்டா நெலம் கெடக்கணுமா? வேற ஆளப் பாக்குறேன்."

"ஓட்டிட்டுப் போகமாட்டேன்" என்றேன்.

"வாயில சொன்னாப் போதுமா?"

"எழுதித் தருகிறேன்."

பள்ளியிலிருந்து தாள் கொண்டுவந்து, மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்து எழுதினேன். இந்த மயிலைக் காளையை, இந்தத் தொழுவத்தைவிட்டு, இன்னார் உழுகிற காலம்வரைக்கும் ஓட்டிப் போகமாட்டேன் என்று. அறுவடைவரைக்கும் என்றுதான் அவர் கேட்டார். உழுகிற காலம்வரைக்கும் என்று நானே எழுதினேன். ஏழு வரி வந்தது. எட்டாவது வரி காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டேன். தாளில் ஒரணா ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார் காரியஸ்தர். அவர் பையிலேயே ஸ்டாம்பு வைத்திருந்தார். ஒரணா கொடுத்து வாங்கி ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டைத் திறந்து குத்தகைக்காரர் பேரை எழுதினார். மத்தியானமே இரண்டு மாட்டையும் நுகத்தில் பூட்டினார்கள். இடப்பக்கம் மயிலை.

அது ஆறு வருடம் உழுதது. ஒரு தடவைகூட நான் அதன் கயிற்றைப் பிடிக்கவில்லை. அறிவிப்பு எழுதும் தாளில் அதற்குப் பிறகு வரிக்குக் கோடு போடவில்லை. மதுரைக்குப் போகவில்லை, அந்தப் பயிற்சி இல்லாததால் என்ன குறைந்தது என்பதை இதில் சேர்க்கப் போவதில்லை. அது காளையின் கணக்கில் எழுதத் தக்கதல்ல. காளை, கயிறு, ஸ்டாம்பு மூன்றும் சேர்த்து, அந்த வரிக்காக நான் கொடுத்தது ஐம்பத்து நான்கு ரூபாய் நான்கு அணா.